வடசென்னை மொட்டை மாடியில் விதை போட்டு வளர்க்கும் அபூர்வப் பூக்கள்: முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டுப் பூ விதை பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், 'கடைசி உறைபனி முடிந்ததும், வசந்தத்தில் விதைக்கவும்' என்றுதான் பெரும்பாலும் போட்டிருக்கும். ராயபுரத்தில் உறைபனி ஏது? வசந்தம் என்றால் மார்ச் என்று எடுத்துக்கொண்டு விதைத்தால், நாற்று நாலு இலை விடுவதற்குள் பங்குனி வெயில் கருக்கிவிடும். விதை மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். தப்பு விதையில் இல்லை, நாள்காட்டியில். நம் ஊரில் இந்தப் பூக்களுக்கு வசந்தம் என்பது கார்த்திகை பாதியில் தொடங்கி மாசியோடு முடிந்துவிடுகிற மூன்றரை மாதம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த மூன்றரை மாதத்தைக் கணக்கு வைத்து எழுதியது.

இங்கிலாந்துக் கிராமத்துக் குடிசைத் தோட்டம் என்று படங்களில் பார்க்கிறோமே, அதில் வரிசையும் கிடையாது, பாத்தியும் கிடையாது. உயரமும் குட்டையும் கொடியும் கீரையும் நெருக்கியடித்து வளரும். பழைய செடி உதிர்த்த விதையே அடுத்த வருடத்துச் செடி. யோசித்துப் பார்த்தால் நம் பழைய வீட்டு வாசலும் அப்படித்தான் இருந்தது. அந்திமந்தாரை, காசித்தும்பை, வாடாமல்லி, கோழிக்கொண்டை, வேலியில் சங்குப்பூ. யாரும் விதைத்ததில்லை, வருடா வருடம் வரும். அதனால் மாடியில் வைக்கும் பெட்டியில் பாதி இடம் இந்த ஊர்ப் பூக்களுக்கு, மீதிப் பாதி பனிக்கால விருந்தாளிகளான வெளிநாட்டுப் பூக்களுக்கு. விருந்தாளி வராமல் போனாலும் மாடி காலியாகக் கிடக்காது.

எது வரும், எது வராது

டெல்ஃபினியம், லூபின், ஃபாக்ஸ்க்ளோவ் மூன்றையும் முதலில் மறந்துவிடுங்கள். படத்தில் கோபுரம் கோபுரமாக நிற்பவை இவைதான். ஆனால் ஊட்டி, கொடைக்கானல் குளிர் இல்லாமல் இவை சரிப்படாது. ஃபாக்ஸ்க்ளோவின் பழைய ரகங்கள் ஒரு குளிர்காலத்தைக் கடந்தால்தான் பூத்தண்டே விடும். சென்னையில் ஜனவரி இரவு வெப்பம் 21 டிகிரி அளவில் நின்றுவிடுகிறது. ஃப்ரிட்ஜில் விதையை வைத்து ஏமாற்றலாமே என்று கேட்பார்கள். முளைப்பதற்கு வேண்டுமானால் அது உதவும், வளர்ந்த செடியை ஃப்ரிட்ஜில் வைக்க முடியாதே.

நிச்சயம் வருபவை: காஸ்மாஸ் (ஆரஞ்சு, இளஞ்சிவப்பு இரண்டு இனமும்), ஜினியா, ஃப்ளாக்ஸ், கலெண்டுலா, பெட்டூனியா, கைலார்டியா, டித்தோனியா, பத்துமணிப் பூ. கொஞ்சம் கவனம் கேட்பவை: நாஸ்டர்ஷியம், ஸ்னாப்டிராகன். கொடிகளில் சங்குப்பூ, மயில் மாணிக்கம், கறுப்புக் கண் வைத்த ஆரஞ்சுப் பூ விடும் துன்பெர்ஜியா, அந்தி சாய்ந்ததும் வெள்ளைத் தட்டு போல விரியும் நிலாப்பூ. சூதாட்டம் என்று தெரிந்தே ஆட வேண்டியவை ஸ்வீட் பீயும் ஹாலிஹாக்கும். ஸ்வீட் பீ வேண்டுமென்றால், குறுகிய பகலிலேயே பூக்கும் 'வின்டர் எலிகன்ஸ்' போன்ற ரகத்தைத் தேடி வாங்குங்கள். மற்றவை மொட்டு கட்டுவதற்குள் வெயில் வந்துவிடும். ஹாலிஹாக்கில் ஒரே வருடத்தில் பூக்கும் ரகம் மட்டும்.

பகல் நீளம் என்று ஒரு விஷயம் இருக்கிறது. அதை நம் ஊரில் யாரும் பொருட்படுத்துவதில்லை. டிசம்பரில் சென்னையின் பகல் சுமார் 11 மணி 20 நிமிடம். காஸ்மாஸும் ஜினியாவும் பகல் குறைந்தால் அவசரப்பட்டுப் பூக்கிறவை. ஐரோப்பாவில் நாலடி வளரும் இளஞ்சிவப்பு காஸ்மாஸ் இங்கே இரண்டடிக்குள் பூத்துவிடுவது அதனால்தான். உரக்குறைவு என்று நினைத்து உரத்தைக் கொட்ட வேண்டாம். பெட்டூனியாவும் ஸ்னாப்டிராகனும் நேர் எதிர். குறுகிய பகலில் கிளைத்துக்கொண்டே இருக்கும், பூக்கத் தாமதிக்கும். இவற்றை முன்கூட்டியே விதைப்பது அதற்காகத்தான்.

இரண்டு எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து 'குடிசைத் தோட்டக் கலவை' என்று வரும் பாக்கெட்டுகளில் கசகசாச் செடியின் விதையும் கலந்திருக்கலாம். உரிமம் இல்லாமல் அதை வளர்ப்பது 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி குற்றம்; பூவுக்காகத்தான் வளர்த்தேன் என்பது பதிலாகாது. அடுத்து, விதையைத் தபாலில் வரவழைக்க 2003ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி இறக்குமதி அனுமதியும் நோயின்மைச் சான்றும் வேண்டும். உள்ளூரில் கிடைப்பதை வாங்குவதே நிம்மதி.

பட்டம்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது ஊர்ப் பூக்களுக்கு அப்படியே பொருந்தும். காசித்தும்பை, வாடாமல்லி, கோழிக்கொண்டை, சங்குப்பூ, மயில் மாணிக்கம், டித்தோனியா எல்லாம் ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதிக்குள்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் பெட்டூனியா, ஸ்னாப்டிராகன், ஹாலிஹாக். இவற்றை மாடியில் அல்ல, வீட்டுக்குள் அல்லது சன்ஷேடுக்குக் கீழே, உள்ளதிலேயே குளிர்ந்த இடத்தில் வையுங்கள். தூசு போன்ற விதை. ஐப்பசி மழையின் ஒரு சாரல் போதும், தட்டு துடைத்தது போலாகிவிடும்.

மற்ற விருந்தாளிகளை மூன்று தவணையாகப் பிரியுங்கள்: நவம்பர் 10, டிசம்பர் 1, டிசம்பர் 20 வாக்கில். ஒரே நாளில் மொத்த விதையையும் கொட்டுவதுதான் இந்த ஊரில் பெரிய பிசகு. வர்தா புயல் கரையைக் கடந்தது 2016 டிசம்பர் 12. மிக்ஜாம் புயல் ஊரை மூழ்கடித்தது 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில். 'கார்த்திகை கனமழை' என்று சும்மா சொல்லவில்லை. மூன்றில் ஒரு தவணை போனால் போகட்டும் என்ற கணக்கில்தான் விதைக்க வேண்டும். டிசம்பர் 20க்குப் பிறகு நாஸ்டர்ஷியம், கலெண்டுலா போடாதீர்கள். பூக்கிற நேரத்தில் வெயில் ஏறியிருக்கும். ஜினியா, கைலார்டியா, பத்துமணிப் பூ மூன்றையும் தையில்கூடப் போடலாம், அவை சித்திரை வரை தாங்கும்.

பெட்டி

காசிமேட்டில் மீன் வந்து இறங்கும் தெர்மோகோல் பெட்டியைவிட நல்ல தொட்டி நம் பக்கத்தில் கிடையாது. எடை இல்லை, சுவர் தடிப்பு, மாடித் தரையின் சூடு வேருக்கு ஏறாது. ஒன்று வாங்கியதும் சோப்புத் தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். மீன் தண்ணீரின் உப்பு தங்கினால் நாற்றுக்கு ஆகாது. நாற்றம் தங்கினால் அந்தத் தெருப் பூனை அத்தனையும் மண்ணைக் கிளற வந்துவிடும்.

துளையை அடியில் போடுவதைவிடப் பக்கச் சுவரில், அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் பென்சில் தடிமனுக்கு எட்டுத் துளை போடுவது நல்லது. அடியில் கொஞ்சம் ஈரம் தங்கும், ஒரு நாள் தண்ணீர் விட மறந்தாலும் செடி துவளாது. மழைக்காலத்தில் மட்டும் அடியில் நாலு துளை கூடுதல். வெளிப்பக்கம் வெள்ளை டிஸ்டெம்பர் இரண்டு கோட் அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே கோடையில் தெர்மோகோல் பொரிந்து மணி மணியாக உதிர்ந்து, மழைநீர்க் குழாயை அடைத்துக்கொள்ளும்.

60 செ.மீ. நீளம், 40 அகலம் உள்ள பெட்டியில் 20 செ.மீ. உயரத்துக்கு மண் நிரப்பினால் 48 லிட்டர். நனைந்த பிறகு 55, 60 கிலோ வரும். மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கித் தளம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இதை மாடி நடுவில் வைக்காதீர்கள். சுவர் ஓரமாக, இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ஒழுக்கு வந்தால் தெரியவும் வேண்டும், பெருக்கவும் வேண்டும்.

மண், தண்ணீர்

விதைத் தட்டுக்கு: கழுவிய கோகோபீட் 2 பங்கு, சலித்த மண்புழு உரம் 1 பங்கு, கழுவிய மணல் 1 பங்கு. 'கழுவிய' என்பது அலங்காரத்துக்குச் சொன்னதல்ல. தேங்காய் நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, இப்படி மூன்று முறை. மணல் கடற்கரையில் அள்ளியதாக இருக்கவே கூடாது. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்றால் அதன் மாவு போகும்வரை அலசுங்கள். அந்த மாவு இறுகி சிமென்ட் போலாகி, சின்ன விதையை வெளியே விடாது.

பெட்டிக்கு: செம்மண் 2, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் 1, கோகோபீட் 1, மணல் அரைப் பங்கு, ஒரு பெட்டிக்கு 250 கிராம் வேப்பம்பிண்ணாக்கு. நாஸ்டர்ஷியத்துக்கும் காஸ்மாஸுக்கும் உரத்தைப் பாதியாகக் குறையுங்கள். வளமான மண்ணில் அவை இலையாகவே விட்டுத்தள்ளும், பூவைக் காட்டாது.

வடசென்னையில் மண்ணைவிடத் தண்ணீர்தான் தொல்லை. கடலோரப் பக்கம் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. மீஞ்சூர் வட்டாரத்து நிலத்தடி நீரில் கடல்நீர் உள்ளே வந்த கதை ஊரறிந்தது. வாயில் வைத்துக் கரித்தால் நாற்றுக்கு வேண்டாம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் இன்னும் மோசம், இருந்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். நாற்றுக்கு மெட்ரோ தண்ணீரை ஓர் இரவு வாளியில் வைத்து விடுங்கள். இல்லையென்றால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குடத்தில் பிடியுங்கள். உப்பே இல்லாத தண்ணீர், ஓர் இரவில் சில லிட்டர் சேரும், பத்துத் தட்டுக்குப் போதும். இலை ஓரம் பழுப்பாகக் கருகி, மண் மேல் வெள்ளை படிந்தால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். பெட்டி மண்ணின் அளவுக்கு இரண்டு பங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, துளை வழியே ஓடவிட்டுக் கழுவ வேண்டும். நல்ல மழை ஒன்று அந்த வேலையை இலவசமாகவே செய்துவிடும்.

விதைக்கும் விதம்

விதைப்பதற்கு முன் பத்து விதையை ஈர டிஷ்யூவில் சுற்றி டப்பாவில் வைத்துப் பாருங்கள். குறைந்தது ஏழு முளைத்தால் வழக்கம்போல விதைக்கலாம். நாலுதான் என்றால் இரட்டிப்பாகப் போடுங்கள். ஒன்றுமே இல்லை என்றால் பட்டம் தவறும் முன் வேறு வாங்க நேரம் இருக்கும்.

எல்லா விதையையும் ஒரே ஆழத்தில் புதைப்பதால்தான் பாதி முளைப்பதில்லை. பெட்டூனியா, ஸ்னாப்டிராகன், பத்துமணிப் பூ மூன்றுக்கும் வெளிச்சம் வேண்டும், மண்ணே மூடக்கூடாது. பெட்டூனியா ஒரு கிராமில் சுமார் 10,000 விதை இருக்கும். ஈரவிரலில் தொட்டால் நூறு ஒட்டிக்கொள்ளும். ஒரு சிட்டிகை விதையை இரண்டு ஸ்பூன் காய்ந்த மெல்லிய மணலோடு கலந்து, கோலமாவு விடுவது போல விரலிடுக்கில் விட்டுக்கொண்டே போங்கள். வெள்ளை மணல் எங்கே விழுந்ததோ அங்கே விதையும் விழுந்திருக்கும். பிறகு உள்ளங்கையால் லேசாக அழுத்தி, மேலே கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கவர். நேர் வெயில் கூடாது. பத்து நாளில் பச்சைப் பொட்டு தெரியும். தெரிந்த அன்றே கவரை எடுத்துவிட வேண்டும்.

ஃப்ளாக்ஸ், கலெண்டுலா, நித்திய கல்யாணி இருட்டில் முளைப்பவை. கலெண்டுலா விதை சுருண்ட புழு போல வளைந்து முள்ளோடு இருக்கும், அடையாளம் தப்பாது. ஒரு செ.மீ. மண் மூடி, தட்டின் மேல் நியூஸ்பேப்பர் போடுங்கள். கலெண்டுலா ஒரு வாரத்தில் தலைகாட்டும், ஃப்ளாக்ஸ் இரண்டு வாரம் வரை பொறுமையைச் சோதிக்கும்.

சங்குப்பூ, மயில் மாணிக்கம், நிலாப்பூ விதைகளின் தோல் கல். உப்புத்தாளில் ஒரு பக்கம் உள்வெள்ளை லேசாகத் தெரியும்வரை தேய்த்து, இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் இரண்டு மடங்கு உப்பியிருந்தால் சரி. உப்பாததை மறுபடி தேய்த்து ஊறப்போடுங்கள். கண் இருக்கும் பக்கம் தேய்க்கக் கூடாது, முளைக்குருத்து அங்கேதான் இருக்கிறது. நாஸ்டர்ஷியம், அந்திமந்தாரை விதைகளை ஊறவைத்தாலே போதும், ஒன்றரை செ.மீ. ஆழம். அந்திமந்தாரை விதை பார்க்க மிளகு மாதிரியே இருக்கும், ஆனால் விஷம். சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். வாடாமல்லி விதை பஞ்சு போன்ற உமிக்குள் இருக்கும். மணலோடு சேர்த்து உள்ளங்கையில் கசக்கி, ஒரு நாள் ஊறவைத்துப் போட்டால் முளைப்பு கூடும்.

நாஸ்டர்ஷியத்துக்கும் சங்குப்பூவுக்கும் வேரைத் தொட்டால் பிடிக்காது. காகித டீ கப்பில் ஒன்றொன்றாகப் போட்டு, அடியைக் கிழித்துக் கப்போடு நடுங்கள். காஸ்மாஸ், ஜினியாவை நேராகப் பெட்டியிலேயே தூவலாம், ஐந்தாறு நாளில் வந்துவிடும். எறும்பு விஷயத்தில் மட்டும் உஷார். பத்துமணிப் பூ விதையை ஒரே ராத்திரியில் வரிசை கட்டித் தூக்கிக்கொண்டு போய்விடும், நாம் முளைக்கவில்லை என்று பதினைந்து நாள் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்போம். தட்டைச் செங்கல் மேல் வைத்து, செங்கலைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வையுங்கள்.

செங்காந்தளை விதையிலிருந்து வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு: நம் மாநில மலர்தான், மாடியிலும் வரும். ஆனால் பறித்த விதை பல மாதம் உறங்கும், முளைத்தாலும் பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். செடி முழுக்கக் கொல்கிசின் விஷம், கிழங்கிலும் விதையிலும் இன்னும் அதிகம். சின்னக் குழந்தை, ஆடு, நாய் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம்.

நாற்று சாய்ந்தால்

நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலை தண்டின் அடி நூல் போல மெலிந்து படுத்துக் கிடந்தால், அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூசணங்களின் வேலை. விழுந்ததைக் காப்பாற்ற வழியே இல்லை. மிச்சத்தைத்தான் காப்பாற்ற முடியும். மார்கழி ஈரக்காற்றில் தட்டின் மேல்மண் காயாமல் இருப்பதும், விதையை நெருக்கிப் போடுவதும்தான் காரணம். தண்ணீரை மேலே தெளிக்காதீர்கள். தட்டை ஒன்றரை செ.மீ. தண்ணீரில் இருபது நிமிடம் வைத்து எடுங்கள், கீழிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். மேல்மண் வெளிறிய பிறகே அடுத்த முறை. விதைக் கலவையில் போகும் மண்புழு உரத்தில் கிலோவுக்கு 20 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்து, ஈரமாக ஒரு வாரம் மூடிவைத்துப் பயன்படுத்தினால் பாதித் தொல்லை குறையும். டிரைக்கோடெர்மா போட்ட பிறகு வேதிப் பூசணக்கொல்லி ஊற்றினால் போட்டது வீணாகிவிடும்.

நாற்று நெடுநெடுவென்று வெளிறி வளர்ந்தால் வெளிச்சம் போதவில்லை. பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டிய சந்துகளில் இதுதான் நடக்கும். முளைத்த மூன்றாம் நாளிலிருந்து காலை வெயில் காட்டுங்கள்.

நடுவதும் பிறகும்

நாலு உண்மை இலை வந்ததும் நடலாம். முதலில் வரும் இரட்டை விதையிலை கணக்கில் சேராது. அதற்கு முன் ஒரு வாரம் தினம் ஒரு மணி நேரம் கூட்டி வெளியே வைத்துப் பழக்குங்கள். நடவு சாயங்காலம். கோழிக்கொண்டையை மட்டும் தாமதிக்காதீர்கள்; சின்னக் கப்பில் வேர் சுற்றிக்கொண்டால், விரல் உயரத்திலேயே பட்டன் அளவு கொண்டை விட்டு நின்றுவிடும்.

ஒரு மீன் பெட்டிக்கு ஓர் அமைப்பு: பின்னால் காஸ்மாஸ் 2, நடுவில் கலெண்டுலா 3, இடையிடையே வாடாமல்லி 2, முன்னால் ஃப்ளாக்ஸ் 3, விளிம்பில் வழிந்து தொங்க நாஸ்டர்ஷியம் 2. பின்பக்கம் பழைய மீன்வலைத் துண்டைக் கட்டினால் சங்குப்பூ ஏறும். நெருக்கம்தான் இந்தத் தோட்டத்தின் அழகு. ஆனால் ஜினியாவை நெருக்காதீர்கள். 25 செ.மீ. விடாவிட்டால் தை பனியில் இலை மேல் சாம்பல் பூத்துவிடும்.

காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத்துக்கு, காற்று வரும் பக்கம் 50 சதவீதப் பச்சை வலை ஒன்று கட்டுங்கள். முழுச் சுவர் போல அடைத்தால் காற்று மேலேறிச் சுழன்று விழும். வலை என்றால் வடிகட்டி விடும். பெரம்பூர், கொளத்தூர் பக்கம் இது தேவைப்படாது. மணலி, எண்ணூர்ப் பக்கம் இலையில் கருந்தூசி படியும். வாரம் ஒருமுறை காலை எட்டு மணிக்குள் இலையைக் கழுவிவிடுங்கள். மாலையில் கழுவினால் இரவெல்லாம் ஈரம் நின்று நோய் வரும்.

காஸ்மாஸ், ஜினியா 20 செ.மீ. வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பதினைந்து நாளுக்குப் பிறகு மீன் அமிலம், லிட்டருக்கு 3 மில்லி, பத்து நாளுக்கு ஒருமுறை. மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மூடி இறுக்காமல் நிழலில் ஒரு மாதம் வைத்தால் அமிலம் தயார். சாதாரண வெல்லம் போதும். பச்சை மீன் கழிவைப் பெட்டியில் நேராகப் புதைக்கக் கூடாது. எலி தோண்டி எடுக்கும்.

மாவுப்பூச்சிக்கும் செஞ்சிலந்திக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், 1 மில்லி திரவ சோப்பு. சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி. காசித்தும்பை ஒரே நாளில் மொட்டையானால் வாலில் கொம்பு வைத்த தடிப் புழு ஒன்று தண்டோடு தண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். மருந்து எதற்கு, கையால் எடுத்துப் போடுங்கள்.

அடுத்த பட்டத்துக்கு விதை

மாசி வரை வாடிய பூவைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் பூத்துக்கொண்டே இருக்கும். மாசி பாதியில் கிள்ளுவதை நிறுத்தி, நல்ல நிறம், நல்ல வடிவம் உள்ள செடியில் பூவைக் காயவிடுங்கள். பாக்கெட்டில் எஃப்1 (முதல் தலைமுறைக் கலப்பினம்) என்று போட்டிருந்ததில் விதை எடுத்தால் தாயைப் போல வராது. கலந்துகட்டி வரும், குடிசைத் தோட்டத்துக்கு அதுவும் பாதகமில்லை. காசித்தும்பைக் காய் தொட்டால் வெடிக்கும். லேசாக மஞ்சள் தட்டும்போதே பழைய துப்பட்டாத் துணியைச் சுற்றிக் கட்டிவிட வேண்டும்.

நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காகிதக் கவரில் பெயரும் தேதியும் எழுதி, மூடி இறுக்கமான கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். பாட்டிலின் அடியில் வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு கைப்பிடி, ஈரத்தை இழுத்துக்கொள்ளும். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தாலும், வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதைக்காரர்கள் கணக்கு. அலமாரியில் வைத்த ஜினியா விதை கடலோர ஈரத்தில் அடுத்த கார்த்திகைக்குள் பாதி செத்துவிடும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தது தாங்கும். எடுக்கும்போது மட்டும் பாட்டிலை அரை நாள் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். குளிர்ந்த பாட்டிலை உடனே திறந்தால் உள்ளே வியர்த்து, காயவைத்ததெல்லாம் வீணாகிவிடும்.